கல்தேயர் யார்? ஒரே பெயரில் மூன்று கூட்டம்

பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் யோகம் அடிக்கும் என்று சொல்லும் எண் கணித ஜோதிடர்கள் அடிக்கடி உச்சரிக்கும் சொல் 'கல்தேய முறை'. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை ஓர் எண் தந்து, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, பெயரில் இன்னொரு 'ஏ' சேர்க்கச் சொல்வார்கள். பைபிள் வாசிப்பவர்களுக்குக் கல்தேயர் என்றால் எருசலேமை எரித்த நெபுகாத்நேச்சாரின் படை. 2021 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் பாக்தாத் சென்று கல்தேய வழிபாட்டு முறையில் திருப்பலி நிறைவேற்றியதாகச் செய்தி வந்தபோது, பலர் கேட்டது ஒன்றுதான்: அவர்கள் இன்னுமா இருக்கிறார்கள்?

இருக்கிறார்கள். ஆனால் எருசலேமை எரித்த கல்தேயர், நட்சத்திரம் பார்த்த கல்தேயர், பாக்தாத் பேராலயத்தில் அன்று கூடியிருந்த கல்தேயர் மூவரையும் ஒரே கூட்டமாக எண்ணிக்கொண்டு பேசுவதால்தான் இத்தனை குழப்பமும் வருகிறது. பெயர் ஒன்று. அதைத் தாங்கியவர்கள் வெவ்வேறு காலத்தவர், வெவ்வேறு நிலத்தவர். அவர்களுக்கிடையே உறவே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. அதனால் கொஞ்சம் பொறுமையாகத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு பழக்கமான சொல்

சங்கப் பாடல்களில் யவனர் வருகிறார்கள். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய கப்பல்காரர்கள். அந்தச் சொல்லின் வேர் கிரேக்கர்களின் அயோனியா என்ற பகுதி. பாரசீகத்தில் 'யௌன', வடமொழியில் 'யவன', தமிழில் 'யவனர்' என்று அது நடந்து வந்தது. வழியில் பொருள் விரிந்தது. கிரேக்கரோடு ரோமானியரும் யவனர் ஆனார்கள். பிறகு அரபு வணிகர்களைக் குறித்தது. அதே சொல்லின் இன்னொரு வடிவமாகிய 'சோனகர்' இன்று இலங்கை முஸ்லிம்களின் இனப்பெயராக நிற்கிறது.

பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு, காத்தான்குடிச் சோனகர் எல்லாம் கிரேக்கர்களின் பேரப்பிள்ளைகள் என்று ஒருவர் சொன்னால் சிரிப்போம். கல்தேயர் விஷயத்தில் உலகமே கிட்டத்தட்ட அந்தத் தவற்றைத்தான் செய்கிறது, சிரிக்காமல்.

சதுப்பு நிலத்துக் குலங்கள்

இன்றைய ஈராக்கின் தென்கோடியில் யூப்ரடீஸும் டைகிரிஸும் கடலை நெருங்கும் இடம் நாணலும் சேறும் நிறைந்த சதுப்பு நிலம். படகில் போனால்தான் வழி தெரியும். படையோடு போனால் வழி தொலையும். கி.மு. 9ஆம் நூற்றாண்டில், வடக்கே இருந்த அசீரியப் பேரரசின் கல்வெட்டுகள் அந்தப் பகுதியில் 'கல்து' என்ற மக்களைக் குறிப்பிடத் தொடங்குகின்றன. அதற்கு முன் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது.

அவர்கள் குலங்களாக வாழ்ந்தார்கள். பித்-யாகீன், பித்-தக்கூரி, பித்-அமுக்கானி ஆகியவை பெரிய குலங்கள். 'பித்' என்றால் வீடு. நம்மிடம் 'பெரிய வீட்டுக்காரர்கள்' என்று ஒரு வம்சத்தையே குறிப்பிடுவதுண்டல்லவா, அந்த வழக்கம்தான். யாகீன் வீட்டார், தக்கூரி வீட்டார். பயிர் வைத்தார்கள், மாடு வளர்த்தார்கள், தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். வாய்ப்புக் கிடைத்தபோது பாபிலோன் நகரத்தின் அரியணையையும் பிடித்தார்கள்.

யாகீன் வீட்டிலிருந்து வந்தவர்களில் ஒருவரை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். அவர் பெயர் மர்துக்-அப்ல-இத்தினா. தமிழ் பைபிளில் மெரோதாக் பலாதான் என்று வருபவர். நோயிலிருந்து எழுந்த எசேக்கியா ராஜாவுக்குக் கடிதமும் பரிசும் அனுப்பியவர். கி.மு. 721இல், அசீரியாவில் ஆட்சி கைமாறிய குழப்பத்தைப் பயன்படுத்திப் பாபிலோனைப் பிடித்தார். 710இல் அசீரிய மன்னன் சார்கோன் துரத்தினான், சதுப்புக்குள் மறைந்தார். சார்கோன் இறந்த பிறகு 703இல் மறுபடி வந்து சில மாதம் ஆண்டார். சார்கோனின் மகன் சனகெரிப் துரத்தினான், மறுபடி சதுப்பு. நாணற்காட்டை வைத்துக்கொண்டு பேரரசுக்குத் தலைவலி கொடுத்த மனிதர்.

ஒரு நூற்றாண்டுக்குள் நிலைமை தலைகீழானது. கி.மு. 626இல் நபோபலாசர் பாபிலோனில் ஆட்சியைப் பிடித்தார். 612இல், இன்றைய ஈரானின் மேற்கே வாழ்ந்த மேதியரோடு சேர்ந்து அசீரியர்களின் தலைநகரான நினிவேயை அழித்தார். அவருடைய மகன்தான் நெபுகாத்நேச்சார். இந்த அரச வரிசையைக் 'கல்தேய வம்சம்' என்று சொல்வது வழக்கம். நபோபலாசர் உண்மையிலேயே கல்தேயக் குலத்தில் பிறந்தவர்தானா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. தம்மை அவர் எளிய மனிதனின் மகன் என்றே எழுதிக்கொண்டார். கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனுக்குள் நுழைந்ததோடு அந்த ஆட்சி முடிந்தது. அதன்பின் கல்தேயர் தனிக் குலமாக வரலாற்றில் தென்படுவதில்லை. ஊரோடு ஊராகக் கரைந்துபோனார்கள்.

ஆபிரகாமின் நகரமான 'ஊர்' பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். தமிழ் பைபிளில் அது கல்தேயர் பட்டணம் என்று வரும். உண்மையில் அது சுமேரியர்களின் பழம்பெரும் நகரம். அதன் பெரிய படிக்கோபுரம் கி.மு. 21ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டது. கல்தேயர் பெயர் ஏட்டில் ஏறுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு. பிற்காலத்தில் எழுதியவர்கள் தங்கள் காலத்துப் பெயரால் இடத்தைக் குறித்திருக்கிறார்கள். கரிகாலன் தஞ்சாவூர் மாவட்டத்தை ஆண்டான் என்று நாம் எழுதினால் எப்படியோ அப்படி. 'ஊர்' தமிழ்ச் சொல்தானே என்று துள்ளுபவர்களும் உண்டு. அரமேய மொழியில் அப்பாவுக்கு 'அப்பா' என்றுதான் பெயர். ஒலி ஒன்றாக இருப்பதை வைத்து உறவு கொண்டாடத் தொடங்கினால் எங்கேயும் போய் நிற்கலாம்.

இதுவரை பார்த்தது முதல் கூட்டம்: தென் ஈராக்கின் சதுப்பில், ஏறத்தாழ கி.மு. 9 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த குலங்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். கிறிஸ்து பிறக்கவே இன்னும் பல நூறு ஆண்டுகள் இருந்தன. மர்துக் முதலான பாபிலோனியத் தெய்வங்களை வணங்கியவர்கள்.

குலப்பெயர் தொழிற்பெயரான கதை

தானியேல் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஓர் இடம். கனவு கண்டு கலங்கிய ராஜா ஆளனுப்புகிறான். யாரையெல்லாம்? சாஸ்திரிகளை, ஜோசியர்களை, சூனியக்காரர்களை, கல்தேயர்களை. வரிசையைக் கவனியுங்கள். முதல் மூன்றும் தொழில். நான்காவதும் தொழிலாகத்தான் நிற்கிறது. குலம் மறைந்த பிறகு பெயர் மட்டும் எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

பாபிலோன் கோயில்களில் வானத்தைக் கவனித்துக் களிமண் பலகையில் குறித்துவைப்பது தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை. இன்ன இரவில் நிலவு இன்ன இடத்தில், ஆற்றில் வெள்ளம் இவ்வளவு, வாற்கோதுமை விலை இவ்வளவு என்று விடாமல் எழுதினார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்து, ஏறத்தாழ 18 ஆண்டு 11 நாளுக்கு ஒருமுறை கிரகணங்கள் அதே வரிசையில் திரும்புகின்றன என்று கண்டுபிடித்தார்கள். வான்பாதையைப் பன்னிரண்டு ராசிகளாகப் பிரித்ததும் அங்கேதான்.

கிரேக்கரும் ரோமானியரும் இந்த வித்தை தெரிந்த எவரையும் 'கல்தேயர்' என்றே அழைத்தார்கள். கி.மு. 139இல் ரோம் நகர நிர்வாகம் கல்தேயர்களை வெளியேற்றியது என்றால், விரட்டப்பட்டது ஜோசியக்காரர்கள்; யாகீன் வீட்டார் அல்ல. பாபிலோனியர்களின் ராசி மண்டலம் கிரேக்கர் வழியாகவே இந்தியா வந்தது. நம் பஞ்சாங்கத்தில் இருக்கும் 'ஓரை' என்ற சொல்லே கிரேக்கத்து 'ஹோரா'தான்.

எண் கணிதத்துக்கு வருவோம். பாபிலோனியர்கள் எழுதியது ஆப்பெழுத்தில். ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியின் முனையை அழுத்தி, ஆப்பு வடிவக் கீறல்களால் பெரும்பாலும் அசைகளையும் முழுச் சொற்களையும் குறிக்கும் முறை அது. அதில் 'ஏ, பி, சி' என்ற நெடுங்கணக்கே கிடையாது. ஆங்கில எழுத்துக்கு எண் போடும் முறை எந்தக் களிமண் பலகையிலிருந்து கிடைத்திருக்கும்? பழமையான பெயர் வைத்தால் சரக்கு நன்றாக விற்கும் என்பதற்கு மேல் இதில் வேறு ஒன்றும் இல்லை.

மொழிக்கு விழுந்த தவறான முத்திரை

இரண்டாம் கூட்டத்திலிருந்து மூன்றாம் கூட்டத்துக்குப் பெயரைக் கடத்திக்கொண்டு போனது ஒரு மொழி. அதன் பெயர் அரமேயம். எபிரேயம், அரபு ஆகியவற்றின் உறவு மொழி; ஒரு காலத்தில் எகிப்து முதல் ஆப்கானிஸ்தான் வரை அரசு அலுவலிலும் சந்தையிலும் ஓடிய மொழி. வெறும் 22 எழுத்துகள். தோலிலும் ஓட்டிலும் மையால் எழுதலாம். நூற்றுக்கணக்கான ஆப்பெழுத்துக் குறிகளை மனப்பாடம் செய்து களிமண்ணைப் பிசைந்துகொண்டிருந்த பாபிலோனிய எழுத்தர்களால் அதனோடு போட்டியிட முடியவில்லை. இயேசு பேசியதும் அரமேயமே. 'தலீத்தாகூமி', 'எப்பத்தா', 'லாமா சபக்தானி' என்று தமிழ் பைபிள் மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்திருக்கும் சொற்கள் அந்த மொழியின் துணுக்குகள்.

தானியேல் புத்தகம் எபிரேயத்தில் தொடங்குகிறது. கனவுக்கு விளக்கம் சொல்ல வந்த கல்தேயர்கள் ராஜாவிடம் 'சீரிய பாஷையிலே' பேசத் தொடங்கும் வசனத்தோடு புத்தகமே அரமேயத்துக்கு மாறிவிடுகிறது. ஏழாம் அதிகாரத்தின் முடிவு வரை அதே மொழி. கல்தேயர் பேசிய இடத்தில் மொழி மாறுகிறது, ஆகவே இது கல்தேய மொழி என்று பிற்கால அறிஞர்கள் முடிவுகட்டினார்கள். பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம் காலத்திலிருந்தே ஐரோப்பாவில் அரமேயத்துக்குக் 'கல்தேயம்' என்ற பெயர் நிலைத்தது. 19ஆம் நூற்றாண்டு வரை அகராதிகள்கூட அந்தப் பெயரில் வந்தன.

பழைய கல்தேயக் குலத்தார் வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. அவர்களுடைய அரசர்கள் பொறித்துவைத்தவை, பாபிலோனியர் ஆப்பெழுத்தில் எழுதிவந்த அக்காதிய மொழியில் இருக்கின்றன. அரமேயமும் அப்போது அந்த நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது. ஆக, 'கல்தேய மொழி' என்பது ஒரு வசனத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதில் பிறந்த பெயர். அந்தத் தவறான பெயர்தான் பிறகு ஒரு மக்களுக்கே சூட்டப்பட்டது.

ரோமாபுரி வைத்த பெயர்

ரோமானியப் பேரரசின் கிழக்கு எல்லைக்கு அப்பால், பாரசீக ஆட்சியில், ஒரு பெரிய கிறிஸ்தவ சபை வளர்ந்தது. அதைக் கீழைத் திருச்சபை என்பார்கள். கி.பி. 410இல் பாக்தாதுக்கு அருகே இருந்த செலூசியா-தெசிபோன் நகரில் கூடித் தனக்கென நிர்வாகத்தை ஒழுங்கு செய்துகொண்டது. அதன் வழிபாட்டு மொழி சிரியாக்; அதாவது எதெஸ்ஸா நகரத்து அரமேயம் இலக்கிய மொழியாக வளர்ந்த வடிவம். நம் நாட்டில் 'சுரியானி' என்று சொல்வது இதைத்தான். இந்தச் சபையின் துறவிகள் சீனா வரை போனார்கள். 781இல் நட்ட அவர்களுடைய கல்வெட்டு இன்றும் சீயான் நகரில் நிற்கிறது. கேரளக் கிறிஸ்தவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயர்களை அனுப்பியதும் இந்தச் சபையே.

மேற்கிலிருந்தவர்கள் இவர்களை 'நெஸ்தோரியர்' என்று அழைத்தார்கள். கி.பி. 431இல் எபேசு சங்கம் தள்ளிவைத்த நெஸ்தோரியு என்பவரின் பெயர் அது. பெயரிலேயே குற்றச்சாட்டு இருக்கிறது. இவர்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயர் வேறு: 'சுராயே'. பேசும் மொழி 'சூரெத்'.

1445இல் சைப்ரஸ் தீவிலிருந்த இந்தச் சபையார் சிலர், திமோத்தேயு என்ற ஆயரின் தலைமையில் ரோமோடு இணைந்தார்கள். இணைந்துவிட்டவர்களை இன்னும் நெஸ்தோரியர் என்று இழித்துப் பேசலாமா? கூடாது என்றார் திருத்தந்தை நான்காம் யூஜின். இனி அவர்களைக் கல்தேயர் என்று சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்கள் வழிபடுவது 'கல்தேய மொழி'யில்தானே! அந்த இணைப்பு நீடிக்கவில்லை. பெயர் நீடித்தது.

நிலையான கதை தொடங்குவது 1552இல். அப்போது கீழைத் திருச்சபையின் தலைமைப் பதவி, அதாவது முதுபெரும் தந்தை என்ற பதவி, ஒரே குடும்பத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஆயர்களுக்குத் திருமணம் இல்லாததால் மகனுக்குப் பதிலாகச் சகோதரனின் மகனுக்குப் போகும். விவரம் தெரியாத சிறுவர்கள்கூட வாரிசாக வந்தார்கள். பொறுக்க முடியாத ஒரு பிரிவினர், வட ஈராக்கில் அல்கோஷ் ஊருக்கு மேலே மலையில் குடைந்த ரப்பான் ஹோர்மிஸ்த் மடத்தின் தலைவர் யோகன்னான் சுலாக்காவைத் தேர்ந்தெடுத்து ரோமுக்கு அனுப்பினார்கள். 1553இல் திருத்தந்தை மூன்றாம் ஜூலியஸ் அவரை முதுபெரும் தந்தையாக ஏற்றார். ஊர் திரும்பியவரை எதிர்த்தரப்பின் தூண்டுதலில் பிடித்துச் சிறையில் வைத்தார்கள், 1555இல் கொல்லப்பட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைக் கதையாக எழுதினால் நம்ப மாட்டார்கள். ரோமோடு இணைந்த சுலாக்காவின் வழிவந்தவர்கள் மெல்ல, இன்றைய துருக்கியின் தென்கிழக்கிலுள்ள ஹக்காரி மலைகளுக்குள் ஒதுங்கி, 17ஆம் நூற்றாண்டில் ரோமின் தொடர்பை அறுத்துக்கொண்டார்கள். இன்றைய அசீரியக் கீழைத் திருச்சபை அந்த வரிசையில் வருவது. சுலாக்கா எதிர்த்து நின்றாரே, அந்தப் பழைய அல்கோஷ் குடும்பத்தின் கடைசித் தலைவர் யோகன்னான் ஹோர்மிஸ்த் 1830இல் ரோமின் அங்கீகாரத்தோடு கல்தேய முதுபெரும் தந்தை ஆனார். இரண்டு அணிகளும் ஆட்டத்தின் நடுவில் இடம் மாறிக்கொண்டன.

இன்றைய கல்தேயக் கத்தோலிக்கத் திருச்சபை இந்த 1830ஆம் ஆண்டு ஒன்றிணைப்பின் மீது நிற்கிறது. ரோமுக்குக் கீழே என்றால் லத்தீன் முறைக்கு மாறிவிட்டார்கள் என்று பொருளல்ல. கூட்டுக் குடும்பத்தில் தனி அடுப்பு வைத்துக்கொண்டவர்கள் போல. தலைவரைத் தங்கள் ஆயர் பேரவையிலேயே தேர்ந்தெடுக்கிறார்கள்; திருமணமானவர்களையும் குருவாக்குகிறார்கள்; அத்தாய், மாரி என்ற திருத்தூதுச் சீடர்களின் பெயரால் வழங்கும் மிகப் பழைய நற்கருணை மன்றாட்டைச் சொல்கிறார்கள்.

சுருக்கிச் சொன்னால், மூன்றாம் கூட்டத்துக்குக் கல்தேயர் என்ற பெயர் குலத்தால் வந்ததல்ல. சபைப் பிரிவால், அதுவும் வெளியிலிருந்து வந்தது. மக்கள் பழையவர்கள், பெயர் புதியது.

திருச்சூரில் ஒரு பெயர்ப்பலகை

இது வெறும் சபைப்பெயர், ஆகவே கல்தேயர் என்றால் கத்தோலிக்கர் என்று மனத்தில் பதியவைத்துக்கொண்டு திருச்சூருக்குப் போனால் மறுபடி குழம்பும். நகரத்தின் நடுவே, 1814இல் எழுந்த மார்த் மரியம் பேராலயத்தின் சபைக்குப் பெயர் 'கல்தேய சுரியானி சபை'. அது கத்தோலிக்கச் சபை அல்ல. அசீரியக் கீழைத் திருச்சபையின் இந்தியக் கிளை!

எப்படி? 1874இல் கல்தேயக் கத்தோலிக்க முதுபெரும் தந்தை யோசேப்பு அவ்தோ, மார் ஏலியா மெல்லுஸ் என்ற ஆயரைக் கேரளத்துக்கு அனுப்பினார். ரோம் அதை ஏற்கவில்லை. ஆயரைத் திரும்ப அழைத்தது. அவரைப் பின்பற்றிய திருச்சூர் மக்களில் ஒரு பகுதியினர் ரோமுக்குப் பணியாமல் தனித்து நின்றார்கள். பிறகு அசீரியத் தரப்பிடம் ஆயர் கேட்டார்கள்; 1908இல் மார் அபிமலேக் திமோத்தேயு வந்து சேர்ந்தார். சபை கைமாறியது, பலகை மாறவில்லை. பேருந்தின் தடம் மாறிய பிறகும் பழைய ஊர்ப்பெயரே முன்னால் மாட்டியிருக்குமே, அந்த மாதிரி. கல்தேயர் என்ற பெயரை நம்பி எந்த வண்டியிலும் ஏறிவிடக் கூடாது.

அப்படியானால் யாருடைய வாரிசுகள்?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பழைய கல்தேயரின் சதுப்பு ஈராக்கின் தெற்கு முனையில். இன்றைய கல்தேயரின் பூர்வீக ஊர்களான அல்கோஷ், தெல்கெப்பே, பத்னாயா, தெல்ஸ்குஃப் எல்லாம் வடக்கே நினிவே சமவெளியில். அல்கோஷிலிருந்து பழைய நினிவேக்கு, அதாவது மோசுல் நகருக்கு, ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நபோபலாசர் அழித்த எதிரியின் மண்ணில்தான் அவருடைய வம்சத்துக்கு வழங்கும் பெயரைத் தாங்கியவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

இதை வைத்து, நீங்கள் கல்தேயரே அல்ல, அசீரியர்தான் என்கிறது ஒரு தரப்பு. 1840களில் ஆங்கிலேயரான லேயார்டின் அகழாய்வு நினிவே அரண்மனைகளை வெளியே கொண்டுவந்த பிறகு, அதே வட்டாரத்தின் சுராயே மக்களிடையே 'அசீரியர்' என்ற பெயருக்குப் புது மவுசு வந்தது. 'சுராயே' என்ற சொல்லே அசீரியாவிலிருந்து திரிந்தது என்று பல மொழியியலாளர்கள் கருதுவது அவர்களுக்குப் பலம். இல்லை, நாங்கள் பாபிலோனின் மக்கள், எங்கள் முதுபெரும் தந்தையின் பட்டத்திலேயே நூற்றாண்டுகளாகப் பாபிலோன் இருந்தது என்கிறது மறு தரப்பு. திருமண வீட்டுப் பந்தியில்கூட இந்தச் சண்டை வரும் என்கிறார்கள்.

என் பார்வையில் இரண்டு தரப்பும் கேட்கும் கேள்வியே பிசகு. அசீரியர், பாபிலோனியர், அரமேயர் எல்லோரும் நூற்றாண்டுக் கணக்கில் பிடித்து இடம்பெயர்க்கப்பட்டு, கலந்து, ஒரே அரமேய மொழிக்குள் வந்து சேர்ந்த நிலம் அது. கலந்த பாலைத் திரும்ப மாடு மாடாகப் பிரிக்க முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: இந்த மக்கள் அந்த மண்ணின் பழங்குடிகள், அரபு மொழி பரவுவதற்கு முன்பிருந்தே அங்கே அரமேயம் பேசியவர்கள். அதற்குச் சான்று அவர்கள் வாயிலேயே இருக்கிறது. சூரெத்தில் தண்ணீருக்கு 'மாயா', ரொட்டிக்கு 'லஹ்மா', அரசனுக்கு 'மல்கா', சமாதானத்துக்கு 'ஷ்லாமா'. ஆணைக் கண்டால் 'ஷ்லாமா லோஹ்', பெண்ணைக் கண்டால் 'ஷ்லாமா லாஹ்' என்று வணக்கமே மாறும். கோயிலில் ஓதும் சிரியாக் வேறு, அடுப்படியில் பேசும் சூரெத் வேறு. செய்யுள் தமிழும் வீட்டுத் தமிழும் அருகருகே வாழ்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஈராக்கின் 2005ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் கல்தேயரையும் அசீரியரையும் தனித்தனி இனங்களாக எழுதியது. அமெரிக்கா 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'அசீரியர்/கல்தேயர்/சிரியாக்' என்று சாய்கோடு போட்டு மூவரையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்தது. இரண்டு முடிவுக்கும் கோபப்பட ஆள் இருந்தார்கள்.

இன்று எங்கே?

ஈராக்கில் இருக்கும் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையினர் கல்தேயரே. சதாம் உசேன் ஆட்சியில் உலகம் அறிந்த முகமான தாரிக் அஜீஸ், தெல்கெப்பேயில் பிறந்த கல்தேயர். 2003 போருக்குப் பிறகு கடத்தலும் குண்டுவெடிப்பும் கூட்டம் கூட்டமாக வெளியேற வைத்தன. 2008இல் மோசுலின் கல்தேயப் பேராயர் பவுலோஸ் ஃபராஜ் ரஹ்ஹோ கடத்தப்பட்டுப் பிணமாகக் கிடைத்தார். 2014 ஆகஸ்டில் ஐ.எஸ். அமைப்பு நினிவே சமவெளிக்குள் புகுந்தபோது தெல்கெப்பே வீழ்ந்தது. அல்கோஷ் மக்கள் ஊரைக் காலிசெய்தார்கள். ஆனால் ஊர் பிடிபடவில்லை. தப்பியவர்கள் பலர் எர்பில் நகரை ஒட்டிய அன்காவாவில் தங்கினார்கள்.

வெளிநாட்டில் அவர்களுடைய பெரிய ஊர் அமெரிக்காவின் டெட்ராய்ட். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெல்கெப்பேக்காரர்கள் சிலர் கார்த் தொழிற்சாலை நகரத்துக்குப் போய், தொழிற்சாலையைவிட மளிகைக் கடை மேல் என்று முடிவுசெய்தார்கள். ஒருவர் கடை வைத்து அடுத்தவரை வரவழைக்க, நகரத்தின் சிறு மளிகைக் கடைகளில் பெரும்பகுதி அவர்கள் கைக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பேரீச்சம்பழக் கூழை மாவில் சுருட்டி வெட்டிச் சுடும் 'கிலேச்சா' அங்கேயும் தட்டுத்தட்டாக வேகிறது. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

ஒரு நோன்பு மட்டும் எந்தச் சபைப் பிரிவையும் பொருட்படுத்தாமல் எல்லோரிடமும் தங்கிவிட்டது. யோனா எச்சரித்ததைக் கேட்டு நினிவே மக்கள் உபவாசமிருந்து மனம் திரும்பியதன் நினைவாக மூன்று நாள் கடைப்பிடிக்கும் 'பாவுத்தா'. கல்தேயரும் இருக்கிறார்கள், அசீரியரும் இருக்கிறார்கள். கேரளச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடம் அதற்குப் பெயர் மூன்று நோன்பு. குறவிலங்காட்டில் அது பெருந்திருவிழா. மோசுலில் யோனாவின் கல்லறை என்று போற்றப்பட்ட இடத்தை 2014 ஜூலையில் ஐ.எஸ். வெடிவைத்துத் தகர்த்தது. அதற்கடுத்த ஆண்டும், தவக்காலத்துக்கு மூன்று வாரம் முன்பு, திங்கள் முதல் புதன் வரை, அன்காவாவில் தங்கியிருந்தவர்கள் அந்த நோன்பை இருந்தார்கள்.